வாசகர் கேள்வி–பதில்: மலையில் எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலைப் பயணம் பற்றியே இருந்ததால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் கோத்தகிரிக்காரி, அதனால் நீலகிரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன். கொடைக்கானல் பக்கம் கேட்டவர்களையும் விடவில்லை.

அக்கா, குடும்பத்தோடு ஆறு பேர், இரண்டு நாள் ஊட்டிக்கு வருகிறோம். டிராவல்ஸில் பதினான்கு இடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாழ்நாளில் மறக்காத மாதிரி ஒரே ஒரு காட்சி என்றால் எதைச் சொல்வீர்கள்?
– திருப்பூர் வாசகி

முதலில் அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள் தங்கச்சி. இரண்டு நாளில் பதினான்கு இடம் என்றால் பொழுதெல்லாம் வண்டிக்குள்ளேயே போய்விடும், பிள்ளைகள் வாந்தி எடுத்தே களைத்துப்போவார்கள், எந்த இடமும் மனதில் நிற்காது.

ஒரே ஒரு காட்சி என்று கேட்டதால் யோசிக்காமல் சொல்கிறேன்: கோடநாடு. கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர், வழி முழுக்கத் தேயிலைத் தோட்டம், அரசுப் பஸ்ஸும் போகிறது. ரோடு முடிகிற இடத்தில் மலையும் முடிந்துவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் கிடுகிடு பள்ளம், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் காட்டுக்கு நடுவே மாயாறு வளைந்து வளைந்து ஓடும், கரையோரமாக ஒரு இடத்தில் மட்டும் காட்டின் நிறத்தோடு ஒட்டாத இளம்பச்சைக் கட்டங்கள் தெரியும், அதுதான் தெங்குமரஹாடா ஊரின் வயல். அந்த ஊருக்குப் போக வேண்டுமென்றால் பவானிசாகரிலிருந்து காட்டு வழியாக வந்து ஆற்றைப் பரிசலில்தான் கடக்க வேண்டும். வலது பக்கமோ இடது பக்கமோ என்று தேட வேண்டாம், கூம்பாக ஒரு மலை தனியாக நிற்கும், அதுதான் ரங்கசாமி சிகரம். வானம் துடைத்துவிட்ட நாளில் தூரத்தில் பவானிசாகர் அணையின் தண்ணீர் பளபளப்பதுகூடத் தெரியும்.

உங்களுக்கு இதில் இன்னொரு சம்பந்தமும் இருக்கிறது. அந்த ஆறு முக்கூர்த்தி மலைப் பக்கம் பிறந்து, பைக்காரா என்ற பெயரில் ஓடி, பிறகு மாயாறாகி, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே எல்லைபோலப் போய், கடைசியில் பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. உங்கள் மாவட்டத்தில் காங்கேயம் பக்கம் வயலுக்குப் பாயும் கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரில் இதுவும் கலந்திருக்கிறது. பிள்ளைகளிடம் அதைச் சொல்லிக் காட்டுங்கள், பள்ளத்தை எட்டிப் பார்ப்பதோடு நிற்காமல் அந்த ஆறு எங்கே போகிறது என்று தேடிப் பார்ப்பார்கள்.

காலை ஒன்பது மணிக்குள் அங்கே இருங்கள். பத்து, பத்தரைக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவந்து மூடிவிடும், சாயங்காலம் வரைக்கும் திறக்காமலே போகும் நாளும் உண்டு. அதனால் முதல் நாள் ராத்திரி ஊட்டியில் தங்காமல் கோத்தகிரியிலேயே தங்கிவிடுவது நல்லது. இரண்டாம் நாளுக்குக் குன்னூரில் லாம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் இரண்டும் ஒரே ரோட்டில் இருக்கின்றன, டால்பின் நோஸிலிருந்து எதிர் மலையில் கேத்தரின் அருவி விழுவது முழுசாகத் தெரியும். அப்புறம் நேரம் இருந்தால் பிள்ளைகளுக்காக ஊட்டி ஏரி. இவ்வளவு போதும்.

மகளே, எனக்கு 72 வயது, மனைவிக்கு மூட்டு வலி. படி ஏற முடியாது, ரொம்ப தூரம் நடக்க முடியாது. எங்களுக்கும் மலையில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?
– மதுரை வாசகர்

நிறையவே இருக்கிறது ஐயா. நடக்காமல் உட்கார்ந்தே பார்க்க வேண்டுமென்றால் மலை ரயிலுக்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்பட்டு மத்தியானம் ஊட்டி சேர்கிறது, 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் போல. அந்த மெதுவான ஓட்டத்தில்தான் சுகமே இருக்கிறது. குன்னூர் வரைக்கும் 1899-லும், ஊட்டி வரைக்கும் 1908-லும் ஓட ஆரம்பித்த பாதை, 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தைக் கவனியுங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை இரண்டு ஒட்டினாற்போலக் கூடவே வரும், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வித்தான் ஏறுகிறது, ஏனென்றால் அந்த ஏற்றம் 12 அடிக்கு ஒரு அடி, சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். நீராவி இன்ஜின் பின்னால் இருந்துதான் தள்ளும், அதனால் முன்பக்கம் இன்ஜின் மறைக்காமல் பாறையும் பாலமும் குகையும் நேராக உங்களை நோக்கி வரும். வழியில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளலாம், அம்மாவுக்கு அது உதவியாக இருக்கும்.

மேட்டுப்பாளையம் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் மனசை விட்டுவிடாதீர்கள், குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் ரயிலில் ஏறுங்கள். பல் சக்கரம் அந்தப் பகுதியில் இல்லை, ஆனால் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று போகும் வழியில் கேத்திப் பள்ளத்தாக்கு திறக்கும்போது வீடுகளும் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களும் சரிவு சரிவாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஒன்று மட்டும், ஐப்பசி, கார்த்திகையில் வராதீர்கள், மழையில் பாதையில் மண் சரிந்து ரயிலை அடிக்கடி ரத்து செய்துவிடுவார்கள்.

தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியில் அதற்கு மேல் உயரம் இல்லை, அங்கே உச்சிக்குக் கிட்டத்தில் வரைக்கும் வண்டி போகும் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். குளிர்காற்று காதுக்குள் புகும், மஃப்ளர் இல்லாமல் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

அக்கா, போன மே மாதம் கொடைக்கானல் போனோம். கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் வெள்ளைச் சுவர் மாதிரி பனி, வேறொன்றும் தெரியவில்லை. போட்டோவில் பார்ப்பதெல்லாம் எப்போது எடுக்கிறார்கள்?
– சென்னை, கல்லூரி மாணவர்

தம்பி, இந்தக் கேள்வியை எல்லோரும் பயணத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும். மலையில் இடத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட மாதத்தையும் மணியையும் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். நாம் பள்ளிக்கூட லீவை வைத்து மே மாதம் வருகிறோம். மே மாதம் குளுமைக்கு நல்லது, பூக்கண்காட்சிக்கு நல்லது, தூரக் காட்சிக்கு அவ்வளவு நல்லது இல்லை. கீழே சமவெளியில் புழுதியும் வெக்கையும் சேர்ந்து காற்றே மங்கலாக இருக்கும், மத்தியானமானால் மேகம் கட்டி மழை.

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியின் மேற்கு முகத்தில் இறங்குகிறது, கூடலூர், தேவாலா, அவலாஞ்சி எல்லாம் அப்போது நனைந்துகொண்டே இருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அதே நேரத்தில் கோத்தகிரியில் வெறும் சாரலாக இருக்கும், ஏனென்றால் நாங்கள் மலையின் மறுபக்கம். அக்டோபருக்கு மேல் நிலைமை தலைகீழாகும், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வெளுத்து வாங்கும். இரண்டு மழையும் ஓய்ந்து காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நீங்கள் பார்த்த போட்டோக்களின் காலம். கொடைக்கானலில் 1899-லேயே சூரியனை ஆராய்ச்சி செய்ய வானாய்வகம் வைத்ததற்குக் காரணமே அந்த உயரமும் தூசி இல்லாத வானமும்தான்.

ஜனவரியில் வந்தால் இன்னொன்றும் கிடைக்கும். ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்வெளி முழுக்க உறைபனி படிந்து உப்பு கொட்டிவைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் ஊசி ஊசியாக ஐஸ் நிற்கும், விரல் பட்டால் நொறுங்கும். வெயில் ஏறியதும் போய்விடும், அதனால் ஆறரைக்கு எழுந்து வருகிறவர்களுக்குத்தான்.

ஆனால் பனியை அப்படித் திட்டவும் வேண்டாம். நீங்கள் நின்ற அதே கோக்கர்ஸ் வாக்கில், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்து, எதிரே பள்ளத்தில் பனி திரண்டு நின்றால், உங்கள் நிழல் அந்தப் பனியின் மேல் பூதாகரமாக விழும், தலையைச் சுற்றி வட்டமாக வானவில் நிறங்கள் தெரியும். பனியில் இருக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் வருகிற வட்டம் அது, அவரவர் தலையைச் சுற்றி இருப்பது அவரவருக்கு மட்டும்தான் தெரியும், பக்கத்தில் நிற்கிறவருக்கு அவருடைய வட்டம். நினைத்த நேரத்தில் கிடைக்காது. ஆனால் அங்கே தங்கியிருந்து திரும்பத் திரும்ப அதே பாதையில் நடக்கிறவர்களுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஒரு மணி நேரம் வந்துவிட்டு அடுத்த பாயிண்டுக்கு ஓடுகிறவர்களுக்குக் குறைவு.

இ-பாஸ் கட்டாயமா? பஸ்ஸில் வந்தாலுமா?
– ஈரோடு வாசகர்

சொந்த வண்டி, வாடகை வண்டி எதுவானாலும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு எண்ணிக்கையிலும் கட்டுப்பாடு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பாஸ் தேவையில்லை. கிளம்புவதற்கு முன் அந்த நேரத்து விதியை அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் வீட்டிலேயே விட்டுவிட்டு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள், செக்போஸ்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

நாங்கள் திண்டுக்கல்காரர்கள். கொடைக்கானல் டவுன் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. பழனி மலையில் வேறு எங்கே போகலாம் அக்கா?
– திண்டுக்கல் வாசகி

டவுனைத் தாண்டி மேற்கே போங்கள். தூண் பாறை, குணா குகை ரோட்டில் நிற்கும் வண்டிகளைக் கடந்துவிட்டால் அப்புறம் கூட்டமே குறைந்துவிடும். முதலில் பூம்பாறை. ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் நிறுத்திப் பார்த்தால், கீழே ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒரு திட்டில் இருக்கும், அதைச் சுற்றி மலை முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல். ஒவ்வொரு படிக்கும் கல் அடுக்கிக் கரை கட்டியிருப்பார்கள், ஒரு படியில் பூண்டு, அடுத்ததில் கேரட், அதற்கு மேல் உழுதுபோட்ட செம்மண், அதனால் ஒரே சரிவில் இத்தனை நிறம். இந்தக் காட்சியை மலை தானாகக் கொடுக்கவில்லை, பல தலைமுறை ஆட்கள் கல்லைத் தூக்கி வைத்ததால் வந்தது, எனக்கு அதனாலேயே இது கூடுதலாகப் பிடிக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அங்கேயே விளைவித்தவர்களிடம் கட்டாக வாங்கி வாருங்கள், அடுக்களையில் மேலே கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. குழந்தை வேலப்பர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு மேலே போகலாம்.

அடுத்து மன்னவனூர். அங்கே காடும் வயலும் விலகி, புல்மேடுகள் அலை அலையாகப் போகும், நடுவில் ஏரி. மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கமே கூக்கால் ஏரியும் இருக்கிறது, ஊர்க்காரர்களைத் தவிர ஆளே இருக்காது. பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும், தினம் குறிப்பிட்ட வண்டிகளுக்குத்தான் தருகிறார்கள், யானை நடமாட்டம் இருந்தால் அதுவும் கிடையாது.

திரும்பும்போது வந்த வழியே இறங்காமல் பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக இறங்குங்கள். காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் மலைவாழையும் நிழலுமாக ரோடு முழுக்கக் குளிர்ச்சியாக இருக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இவ்வளவு இருக்கிறது, பொழுது விடியும்போது கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இருந்தாலும் ஒரு ராத்திரி தங்கினால்தான் காலைக் காட்சி கிடைக்கும்.

குறிஞ்சி எப்போது பூக்கும்?
– விழுப்புரம் வாசகி

நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒரு முறை. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. குறிஞ்சியில் பல வகை இருப்பதால் நடுவில் எங்காவது பூத்ததாகச் செய்தி வரும், அது பெரும்பாலும் வேறு வகை. கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு 2030 வரை காத்திருக்க வேண்டாம், பூ இல்லாத நாளிலும் கோயிலுக்குப் பின்பக்கம் நின்றால் வடக்கே பழனி முருகன் கோயில் மலை தெரியும். முருகன் இங்கேயும் அங்கேயும் இருக்க, நடுவே அவ்வளவு பெரிய பள்ளம். தைப்பூச சமயத்தில் வெயில் தெளிவாக இருந்தால் நன்றாகத் தெரியும்.

அக்கா, நாங்கள் நண்பர்கள் பைக்கில் வருகிறோம். யாரும் போகாத அருவி, யாரும் ஏறாத பாறை, அந்த மாதிரி இடம் இரண்டு சொல்லுங்கள். வீடியோ எடுக்க வேண்டும்.
– கரூர் வாசகர்

தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் தம்பி. கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். யாரும் போகாத பாறையில் பாசி இருக்கும், வெயில் பட்டுக் காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால்தான் வழுக்கும், விழுந்தால் ஆள் இறங்கித் தூக்க வழி இருக்காது. அருவிக்கு மேலே மழை பெய்தால் கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது, தண்ணீர் கலங்கி வரும்போது ஓட நேரம் இருக்காது. எங்கள் பக்கம் இப்படிப் போன பிள்ளைகளின் உடலைக் கயிறு கட்டி மேலே கொண்டுவந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அந்த அப்பா அம்மா முகத்தை மறக்க முடியாது. அப்புறம் அவையெல்லாம் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடும்.

இன்னொரு காரணமும் உண்டு. மலை உச்சியில் மடிப்பு மடிப்பாகப் புல்வெளியும், அந்த மடிப்புக்குள் மட்டும் குட்டை மரங்கள் அடர்ந்த சோலையும் இருக்கிறதே, அதுதான் எங்கள் தண்ணீர். மழையைப் பிடித்துவைத்து மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுவது அந்த மண். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிச் சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ், பைன் என்று நட்டு அந்தப் புல்வெளியில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருப்பதில்தான் வரையாடு மேய்கிறது, நம் மாநில விலங்கு. அங்கே பைக் டயர் ஒருமுறை ஏறினால் அந்தத் தடத்தில் மழைத்தண்ணீர் ஓடி வாய்க்காலாக அறுத்துவிடும்.

வீடியோ வேண்டுமென்றால் கூடலூர் ஊசிமலைக்குப் போங்கள். சுற்றி எல்லாப் பக்கமும் திறந்த இடம், அனுமதி உள்ள பாதை, கீழே கூடலூர்ப் பக்கம் காடும் தோட்டமும் விரிந்து கிடக்கும், மேகம் காலுக்குக் கீழே போகும். மழை விட்ட மறுநாள் காலையில் போனால் உங்கள் வீடியோவைப் பார்த்து எல்லோரும் இது எந்த ஊர் என்று கேட்பார்கள். காட்டெருமை ரோட்டில் நின்றால் ஹாரன் அடிக்காமல் தள்ளி நில்லுங்கள், அதுவாகப் போய்விடும், பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஊட்டியில் என்ன வாங்கலாம்?
– கடலூர் வாசகி

வர்க்கி என்று மொறுமொறுவென்று ஒரு பேக்கரிப் பலகாரம், தேயிலைத் தூள். கைவேலை பிடிக்குமென்றால் எங்கள் மலைப் பழங்குடியான தோடர்களின் பூ வேலை செய்த சால்வை, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும், முன்னும் பின்னும் பார்க்க ஒரே அழகு. விலை கூடத்தான், ஒரு சால்வைக்குப் பின்னால் வாரக்கணக்கில் உட்கார்ந்து கண்ணை வைத்துத் தைத்த ஒரு அம்மா இருக்கிறார், பேரம் பேசாதீர்கள்.

முதல் முறையாக நானே கார் ஓட்டிக்கொண்டு மலை ஏறப் போகிறேன். பயமாக இருக்கிறது, என்ன கவனிக்க வேண்டும்?
– நாமக்கல் வாசகி

ஏறுவது சுலபம், இறங்குவதில்தான் கவனம் வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, கருகிய வாசனை வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. அந்த வாசனை வந்தால் உடனே ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, இறக்கம் ரொம்பச் செங்குத்து, அதனால்தான் வெளியூர் வண்டிகளை அதில் கீழே இறங்க விடுவதில்லை, கூகுள் மேப் காட்டினாலும் திரும்பாதீர்கள், கூடலூர் வழியாகவே போங்கள்.

வளைவில் ஹாரன் அடியுங்கள், ஏறி வரும் வண்டிக்கு நின்று வழி விடுங்கள், பஸ் முழு வளைவையும் எடுத்துத்தான் திரும்பும் என்பதால் அதற்கு இடம் விட்டுப் பின்னாலேயே நில்லுங்கள். சீசன் நாட்களில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள், அது உங்களுக்குச் சாதகம், எதிரே வண்டி வராது. மேட்டுப்பாளையத்தில் டயர் காற்று பார்த்து, பெட்ரோல் நிரப்பி, காலை ஆறரைக்குள் ஏற ஆரம்பித்துவிடுங்கள். எட்டரைக்குக் கோத்தகிரி வந்துவிடலாம், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சூடாக இட்லி கிடைக்கும், சாப்பிட்டுவிட்டு நேராகக் கோடநாட்டுக்கு வண்டியை விடுங்கள்.